கூடத்துப் பின்சுவரில் காசுப் பாசி

ஹினோசாகோ ஊர்க்கூடத்தில் கழிப்பறை ஒன்றே ஒன்றுதான். அதுவும் அடுப்பங்கரையைத் தாண்டி, மிசோ விழுது ஊறுகிற ஜாடிகளுக்கு அந்தப் பக்கம், தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குப் பின்னால். உள்ளே போகிறவர் ஒரு கையால் கதவுக் கயிற்றை இழுத்துப் பிடித்தபடியே உட்கார வேண்டும். கயிறு கொஞ்சம் நழுவினாலும் கதவு தானாக ஆவென்று திறந்துகொள்ளும். எதிரே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சூரை மீன் நறுக்கிக்கொண்டிருப்பார்கள். குழியிலிருந்து வருகிற வாடையைப் பற்றிப் பேசாமல் விடுவதே நல்லது.

ஆண்களுக்கு இந்த இம்சையெல்லாம் கிடையாது. பின்கதவைத் தள்ளினால் ஒரு துண்டு ஈர மண், அதை ஒட்டிக் கருங்கல் சுவர். அவர்களுடைய அப்பன்மாரும் அங்கேதான் ஒன்றுக்குப் போனார்கள், தாத்தன்மாரும் அங்கேதான் போனார்கள். மலையைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கிறவனோடு யூசு எலுமிச்சை விளைச்சலைப் பற்றி நாலு வார்த்தை பேசிக்கொண்டு, ஆற அமர முடித்துவிட்டு உள்ளே வந்து அடுத்த கிண்ணத்தை நீட்டுவார்கள்.

பெண்கள் அடக்கிக்கொள்வார்கள். ஊர்க்கூட்டத்தில் அவர்கள் எல்லோருக்கும் டீ ஊற்றுவார்கள், தாங்கள் மட்டும் ஒரு மடக்குக் குடிக்க மாட்டார்கள். அப்படியும் எவ்வளவு நேரம்தான் தாக்குப்பிடிப்பது? இந்த ஊரில் கூட்டம் என்றால் முதலில் பேச்சு, பிறகு சாக்கே என்கிற அரிசி மது, பிறகு மறுபடி சாக்கே, எல்லாம் முடிந்து கடைசியில்தான் தீர்மானம். அதற்குள் ஒவ்வொருத்தியாக, "அடுப்புல ஒண்ணு வச்சுட்டு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடுவாள். திரும்பி வருவதற்குள் தீர்மானம் போட்டுக் கை தட்டி முடித்திருப்பார்கள். போதாக்குறைக்கு, பாதியில் எழுந்து போனவர்களுக்கு அன்றைக்குக் கை தூக்க உரிமை இல்லை என்று ஒரு விதி வேறு. அந்த விதியும் பெண்கள் வீட்டுக்கு ஓடியிருந்த ஒரு நாளில் போட்டதுதான். பெண்கள் கழிப்பறை கேட்ட வருடம் கூடத்துக்கு, இசை போட்டுக் கூடவே பாடுகிற கராவோகே பெட்டி வந்தது. அந்தப் பெட்டி குடியிருக்க, தெருப்பக்கம் சிவப்பு மெத்தை போட்ட அறை ஒன்றும் கட்டினார்கள்.

ஹரூயே அந்த ஊருக்கு முடிவெட்டுகிறவள். புருஷன் செத்த பிறகு அவனுடைய சுழல் நாற்காலியையும் சவரக்கத்தியையும் தன் கையில் எடுத்துக்கொண்டவள். ஊர்த் தலைவர் பொறுப்பு அங்கே வீட்டுக்கு வீடு சுற்றி வரும். பேரரசர் மாறிய அடுத்த வருடம் அது அவள் வாசலுக்கு வந்தது. "ஒரு வருஷந்தானே, டீ ஊத்திட்டுப் போகட்டும்" என்று ஆண்கள் விட்டுவிட்டார்கள். ஹரூயே டீயும் ஊற்றினாள், டவுன் அலுவலகத்துக்கும் நடந்தாள். வாசற்படி தேய நடந்து, பெண்களுக்கென்று தாழ்ப்பாள் போட்ட ஒரு கழிப்பறைக்கு அனுமதி வாங்கிக்கொண்டு வந்தாள். இடம் பின்சுவர் ஓரம். கூடத்தைச் சுற்றிச் சும்மா கிடக்கிற சமதரை அது ஒன்றுதான்.

"அப்ப நாங்க எங்க போறது?" என்று கேட்டார் இவாகிச்சி. எழுபதைத் தாண்டிய மனுஷர், மலையில் மரம் வெட்டி ஓய்ந்தவர், ஊரில் குடிக்கிறவர்களுக்கெல்லாம் மூத்தவர். கராவோகே அறை சொல்லப்போனால் அவருடைய இரண்டாவது வீடு.

"அடுப்பங்கரை வழியாப் போங்க. கயிறு இருக்கு, பிடிச்சுக்குங்க" என்றாள் ஹரூயே.

கொத்தனார் வந்து நூல் பிடித்து, சுண்ணாம்புக் கோடு போட்ட அன்றைக்குத்தான் விவகாரம் வந்து சேர்ந்தது. அருங்காட்சியகத்திலிருந்து சுகுதா என்று ஒரு சென்செய், செடிகொடி படித்த வாத்தியார், ஆற்றோரம் பெரணி தேடி வந்திருந்தார். நாற்பது வயசு, நிழலைப் பார்த்தாலும் மன்னிப்புக் கேட்கிற சுபாவம். வழி கேட்க வந்த மனிதரை இவாகிச்சி விடுவாரா? கூடத்தில் உட்கார வைத்து, வாட்டிய சூரையும் பூண்டும் வைத்து, கிண்ணம் கிண்ணமாக ஊற்றிவிட்டார். கொஞ்ச நேரத்தில் சென்செய் மெதுவாக எழுந்து இவாகிச்சியின் காதில் ஏதோ கேட்டார்.

"பின்னால போங்க சென்செய். காத்து நல்லா வரும்."

கொத்தனாரோடு நின்றிருந்த ஹரூயே நாகரிகமாக மலைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.  அப்புறம் "ஹா" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் சென்செய் அந்த மண்ணில் முழங்காலிட்டு, மூக்கு தரையில் படுகிற மாதிரிக் குனிந்திருக்கிறார். இடுப்பு வார் இன்னும் மாட்டவில்லை.

"யாரும் இங்க கால வைக்காதீங்க" என்றார் சென்செய்.

"பாம்பா?" என்று கொத்தனார் பின்வாங்கினார்.

"காசுப் பாசி."

அதற்குள் பின்கதவில் வந்து நின்ற இவாகிச்சிக்குச் சப்பென்று போய்விட்டது. "அது எங்க வீட்டு முத்தத்துல தட்டு தட்டாக் கெடக்கு சென்செய். வேணுங்கிற மட்டும் அள்ளிட்டுப் போங்க."

"வினிகர் ஊத்தினா போயிடும்" என்றாள் ஹரூயே.

"ஊத்தாதீங்க." சென்செய் இரண்டு கையையும் விரித்து மண்ணை மறைத்துக்கொண்டார். "முத்தத்துல இருக்கிறது வேற, இது வேற. இது மென்காசுப் பாசி. ஈரல் பாசி வகையிலேயே ரொம்ப அபூர்வம். பழைய வீடு, பழைய கோயில், மனுஷங்க பொழங்குற மண்ணு, அங்கதான் இருக்கும். எல்லா எடத்துலயும் கான்க்ரீட் போட்டுட்டாங்க. இந்தப் பக்கத்துல அழிஞ்சுபோச்சுன்னே நெனச்சிருந்தோம்."

"இத்தனூண்டு. இத எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கொத்தனார் கேட்டார்.

சென்செய்யின் காது சிவந்தது. "சுவரப் பாத்துக்கிட்டு நின்னேன். தற்செயலா கீழ பாத்தேன்" என்றார். சுவரைப் பார்த்துக்கொண்டு ஏன் நின்றீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அதெல்லாம் கேட்கிற விஷயமா?

பிறகு அவர் ஹரூயேவின் பக்கம் திரும்பி, முழங்காலிட்டபடியே நெற்றி தரையில் பட வணங்கி, கட்டட வேலையைத் தயவுசெய்து நிறுத்தி வைக்கச் சொன்னார்.

"எவ்வளவு நாளைக்கு?" என்றாள் ஹரூயே.

"பாசி இருக்கிற வரைக்கும்."

அவளும் பதிலுக்கு வணங்கினாள். வணங்குகிறவரை வணங்காமல் எப்படி நிற்பது?  மறுநாள் டவுன் அலுவலகம் போனிலேயே வேலையை நிறுத்தியது. சுண்ணாம்புக் கோடு அடுத்த மழையில் கரைந்து போனது.

ஆண்களுக்குக் கொண்டாட்டம். கழிப்பறையும் வராது, ஊருக்குப் பேரும் வரும் என்றால் கசக்குமா? பத்திரிகைக்காரன் வந்து படம் பிடித்துக்கொண்டு போனான். பலகாரக் கடையில் பாசி வடிவத்தில் பச்சை மஞ்சுக் கொழுக்கட்டை செய்து அடுக்கினார்கள். பயறு வைத்த சாதாரண மஞ்சுதான், பச்சைச் சாயம் மட்டும் அதிகம். சாப்பிட்டவன் நாக்கு மூன்று நாளைக்குப் பச்சையாக இருந்தது. மென்காசுப் பாசிப் பாதுகாப்புச் சங்கம் என்று ஒன்று முளைத்தது. தலைவர் இவாகிச்சி, கையில் பச்சைப் பட்டை. பாசியைச் சுற்றி முளை அடித்துக் கயிறு கட்டினார்கள்.

ஒரு நாள் மதியம் ஹரூயே கூடத்தைப் பெருக்கிவிட்டுப் பின்கதவைத் திறந்தாள். அங்கே பாதுகாப்புச் சங்கத் தலைவர், கையில் பட்டையோடு, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் பெய்துகொண்டிருந்தார்.

"யூசு இந்த வருஷம் பரவாயில்ல" என்றார் தலையைத் திருப்பாமல், யாரோ ஆண்பிள்ளை என்று நினைத்து.

ஹரூயே கதவைச் சாத்தினாள். நேரே வீட்டுக்குப் போனாள். மசித்த மீனைக் கேக்காக ஒட்டி விற்கிற சின்னப் பலகைத் துண்டுகள் அடுப்படியில் சேர்ந்து கிடந்தன. அவற்றை அறுத்து, இரண்டு கால், மேலே இரண்டு குறுக்குச் சட்டம் என்று ஆணி அடித்து, கையகல உயரத்துக்குத் தோரி வாசல் ஒன்று செய்தாள். கோயில் முன்னால் நிற்கிற அதே வாசல்தான், அளவுதான் சிறிசு. குங்குமச் சிவப்பில் சாயம் அடித்துக் காய வைத்து, பாசிக்கு நேர் மேலே கருங்கல் இடுக்கில் முளை செருகி அறைந்தாள். கை தட்டி ஒரு கும்பிடும் போட்டாள்.

"இது எதுக்கு?" என்றார் இவாகிச்சி மறுநாள்.

"அபூர்வமான பொருளாச்சே. சாமிகிட்ட ஒப்படைச்சுட்டேன். நீங்க சங்கத் தலைவரு, உங்களுக்குச் சந்தோஷமா இருக்கணுமே."

 தோரி வாசலுக்கு நேரே நின்று ஒன்றுக்குப் போகிற ஆண்பிள்ளை அந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. இவாகிச்சியின் சொந்தத் தாத்தா ஒருமுறை போதையில் அப்படிச் செய்துவிட்டு, ஒரு வாரம் படாத இடத்தில் வீங்கிக் கிடந்தார் என்று ஊருக்கே தெரியும். பிடுங்கி எறியவும் முடியாது. வைத்தவர்தான் எடுக்க வேண்டும். மற்றவர் கை வைத்தால் வீக்கம் கைக்கு வருமோ எங்கே வருமோ, யார் கண்டது?

ஆண்கள் அடுப்பங்கரை வழியாகப் போக ஆரம்பித்தார்கள். இவாகிச்சி முதல் தடவை போனபோது, பழக்கமில்லாத மனுஷர், இரண்டு கையும் வேண்டியிருந்ததால் கயிற்றை விட்டுவிட்டார். கதவு ஆவென்று திறந்தது. நறுக்குப் பலகைக்கு முன்னால் இருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். இவாகிச்சியின் மனைவி மசானோ மட்டும் கத்தியை நிறுத்தவில்லை.

"கதவச் சாத்துங்க. மீன் கெட்டுப்போகும்" என்றாள்.

அதற்கப்புறம் ஆண்களும் கூட்டத்தின் நடுவில் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஹரூயேவுக்கு அந்தக் கோடை முழுக்க வாய்க்குள்ளேயே சிரிப்பு.

மழைக்காலம் முடிந்து சென்செய் வந்தார். கூடவே ஊர்ப் பெரிய தலைகளும் பின்சுவர் ஓரம் கூடினார்கள். சென்செய் கயிற்றைத் தாண்டிப் படுத்து, பூதக்கண்ணாடியில் பார்த்தார். எழுந்தபோது முகம் விழுந்திருந்தது. பாசி பாதியாகச் சுருங்கியிருந்தது. ஓரமெல்லாம் டீத்தூள் நிறம்.

"ஏதாவது மாறியிருக்கா?" என்றார். "தண்ணி, நெழலு... வேற ஏதாவது? முன்னாடி வழக்கமா நடந்துக்கிட்டிருந்து இப்ப நடக்காம..."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இவாகிச்சி பல்லிடுக்கில் காற்றை இழுத்தார். சென்செய் சுவரில் இருந்த சின்ன வாசலைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். விருந்தாளியாக வந்த இடத்தில், சாமி வாசலுக்கு முன்னால், பெண்கள் எதிரே, எதை எப்படிச் சொல்வது? ஊர்க்காரர்களும்தான், படித்த மனிதரிடம், நீங்கள் மூக்கு வைத்து முகர்ந்தது இன்னது என்று எந்த வாயால் சொல்வார்கள்?

"மண்ணுல ஏதோ ஒரு சத்து கொறஞ்சுபோச்சு" என்றார் சென்செய் கடைசியில்.

"ஏதோ ஒண்ணு" என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரையொருவர் வணங்கிவிட்டுக் கலைந்து போனார்கள்.

ஹரூயேவுக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. ஆண்கள் அங்கே நிற்காததால்தான் பாசி வாடுகிறது. அந்த வாசலை அப்படியே விட்டால் போதும். யாரும் ஒரு குற்றம் சொல்ல முடியாது. குளிர் வருவதற்குள் பாசி போய்விடும், பாசி போனால் மறுநாளே கொத்தனார் வருவார்.

இவாகிச்சி சவரத்துக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார். ஹரூயே நுரை பூசினாள்.

"அந்த வாசல எடுத்துடு, ஹரூயே-சான்."

"எதுக்கு?"

"பாசி சாகுது."

"பாசிக்கும் வாசலுக்கும் என்ன இருக்கு?"

"உனக்குத் தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்? வாயத் தொறந்து சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

"கத்திய கழுத்துல வச்சுக்கிட்டு வாயத் தொறன்னா எப்படித் தொறக்கறது?"

அவள் கத்தியை எடுத்தாள். அவர் சொல்லவில்லை. மறுபடி வைத்தாள்.

"செத்தா சாகட்டும்" என்றாள். "செத்த மறுநாள் எங்களுக்குத் தாழ்ப்பாள் போட்ட கதவு வரும்."

"நீ அப்படிப்பட்டவ இல்ல."

"நான் எப்படிப்பட்டவன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க முடிவெடுக்கறப்ப நான் என்னிக்கு அங்க இருந்திருக்கேன்?"

இவாகிச்சி கண்ணை மூடிக்கொண்டார். 

அவர் போனதும் கடையைச் சாத்திவிட்டுப் பின்சுவருக்குப் போனாள். சாகிறதைப் பார்த்துச் சந்தோஷப்படத்தான் போனாள், அதில் ஒளிவு மறைவு இல்லை. இத்தனை நாளில் அதை அவள் குனிந்து பார்த்ததே கிடையாது. சென்செய் மாதிரி முழங்காலிட்டுப் பார்த்தாள். காய்ந்த ஓரத்துக்கு நடுவில் இன்னும் நாலைந்து இலை மாதிரி மடல்கள் கரும்பச்சையாக, ஈரமாக, உள்ளே இருப்பது தெரிகிற அளவுக்கு மெல்லிசாக மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. வேர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. தண்டு இல்லை, பூ இல்லை. ஊரில் யாருக்கும் வேண்டாத மூலையில், யாருக்கும் வேண்டாததைக் குடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் எத்தனை தலைமுறையோ அடக்கமாக இருந்திருக்கிறது.

ஹரூயேவுக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது. "உனக்கு வேற எடமே கெடைக்கலையா?" என்று அதைத் திட்டினாள். திட்டினபோதுதான் உறைத்தது. அதற்கு நிஜமாகவே வேறு இடம் கிடையாது. அவளுக்கு மட்டும் இந்த இடம்தான் வேண்டும் என்று எவன் சொன்னான்?

கூடத்தின் தெருப்பக்கத்திலிருந்து இவாகிச்சியின் பாட்டு வந்தது. சவரம் செய்த முகத்தோடு நேரே கராவோகே அறைக்குத்தான் போயிருக்கிறார். சிவப்பு மெத்தை, நல்ல கூரை, கெட்டியான கதவு, வாசலை ஒட்டியே ஊர்ச் சாக்கடைக் குழாய். ஹரூயே பாட்டு முடிகிற வரை மண்ணிலேயே உட்கார்ந்து யோசித்தாள்.

யூசு பறிப்புக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, நடுப்பகலில் ஊர்க்கூட்டம். பெண்களிடம் அவள் முன்கூட்டியே சொல்லி வைத்தது ஒன்றே ஒன்று, காலையிலிருந்து ஒரு சொட்டு டீ கூடாது.

"அதுக்குப் போயி நீ கவலைப்படறியே" என்றாள் மசானோ. "கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து அடக்கிட்டிருக்கேன். இன்னிக்கு ஒரு நாள் அடக்க மாட்டேனா?"

பாசியின் நிலைமையைச் சொல்ல சென்செய்யும் வரவழைக்கப்பட்டிருந்தார். விருந்தாளி என்பதால் அவரை மரியாதைக்குரிய தலைப்பக்கத்தில் உட்கார வைத்து, அவருக்குத்தான் முதல் கிண்ணம். பேச்சு தொடங்குமுன் ஹரூயே மடியிலிருந்து துணி மூட்டை ஒன்றை அவிழ்த்தாள். உள்ளே சுழற்றுகிற பம்பரமும் கோமாளிக் கோப்பைகளும் இருந்தன. ஒன்றுக்கு நீள மூக்கு, ஒன்றுக்கு அடியில் ஓட்டை. மூக்குக் கோப்பையைக் கீழே வைத்தால் சாய்ந்துவிடும். ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டே குடிக்க வேண்டும். காலி ஆகாமல் இரண்டையும் கீழே வைக்க முடியாது. பம்பரம் யாரைக் காட்டுகிறதோ அவர் குடித்தாக வேண்டும், மாட்டேன் என்று சொல்கிற ஆண்பிள்ளைக்கு அந்த மலையில் மரியாதை கிடையாது.

"அட, தலைவிக்கு இன்னிக்கு நல்ல மனசு" என்று இவாகிச்சி தொடையைத் தட்டினார்.

ஆண்கள் வரிசை நடுவில் பம்பரம் சுற்றியது. பெண்கள் சளைக்காமல் ஊற்றினார்கள். வெயில் தாழ்வாரத்தில் இறங்கி வந்தபோது முதல் ஆள் அடுப்பங்கரைப் பக்கம் போய்விட்டு வெளிறிப்போய்த் திரும்பி வந்தார்.

"கதவக் காணோம்."

"கொத்தனார் எடுத்துட்டுப் போயிருக்காரு" என்றாள் ஹரூயே. "தாழ்ப்பாள் போட. நீங்கதானே பொலம்பிட்டிருந்தீங்க. சரி, தீர்மானத்துக்கு வருவோமா? தெருப்பக்கத்துக் கராவோகே அறையைப் பெண்கள் கழிப்பறையா மாத்தறது. யாராவது பேசணுமா?"

 "என்னது?" என்றார் இவாகிச்சி. எழுந்திருக்கப் பார்த்தார். பாதி எழுந்ததும் உள்ளே நிரம்பியிருந்தது நினைவுக்கு வர, மெல்ல மறுபடி உட்கார்ந்தார்.

"பாதியில எழுந்து போனா கை தூக்க முடியாது, கவனம்" என்றாள் மசானோ புருஷனிடம். "நீங்க போட்ட விதிதான்."

"நான் பேசணும்" என்று ஒரு பெண் கை தூக்கினாள். அவள் பேசினாள். அவசரமே இல்லாமல் பேசினாள். அவளுக்கு அடுத்தவளும் பேசினாள். மசானோ தன் கல்யாண ஊர்வலம் ஆற்றைக் கடந்த கதையிலிருந்து ஆரம்பித்தாள். அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் எப்படிச் சலசலவென்று ஓடியது என்பதை விவரமாகச் சொன்னாள்.

"தண்ணியப் பத்திப் பேசாதடி" என்றார் இவாகிச்சி. நெற்றியில் வேர்வை பூத்திருந்தது. ஆண்கள் வரிசை முழுக்க முட்டியோடு முட்டி சேர்த்து, மூச்சை மேலேயே வைத்துக்கொண்டிருந்தது. பெண்கள் வரிசையில் ஒருத்தி காலை மாற்றிக்கூடப் போடவில்லை. அந்தக் கலையில் அவர்களை ஜெயிக்க இனி ஒருத்தர் பிறந்து வர வேண்டும்.

"என் பெட்டி எங்க போகும்?" என்றார் இவாகிச்சி பரிதாபமாக.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்களேன்" என்றாள் ஹரூயே.

"என் வீட்டுக்குள்ள அது வராது" என்றாள் மசானோ.

இவாகிச்சி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பல்லைக் கடித்தபடி, "அந்த வாசல்?" என்று கேட்டார்.

"தீர்மானம் முடிஞ்சதும் நானே எடுத்துடறேன். பின்பக்க மண்ணு எங்களுக்கு வேண்டாம், அது பாசிக்கே இருக்கட்டும்." ஹரூயே சென்செய் இருந்த பக்கம் திரும்பினாள். "ஏதோ ஒரு சத்து கொறையுதுன்னீங்களே சென்செய். என்ன சத்து அது?"

சென்செய்யின் முகம் அவருடைய பாசியை விடப் பச்சையாக இருந்தது. அடியில் ஓட்டை உள்ள கோப்பை அவர் கையில்தான் இருந்தது. எழுந்து நின்றார்.

"மூத்திரம்" என்றார்.

சொல்லிவிட்டார். கூடத்தில் எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

"எனக்கு மொத நாளே தெரியும். மன்னிக்கணும். நான் அதக் கண்டுபிடிச்சதே அங்க நின்னு... சுவரப் பாத்தேன்னு சொன்னது..." வணங்கப் பார்த்தார். வயிறு இடம் கொடுக்காததால் பாதி வணக்கத்திலேயே நின்றுவிட்டார். "வாக்கெடுப்பு நடத்துங்க, தயவுசெய்து."

"சம்மதம்னா கை தூக்குங்க" என்றாள் ஹரூயே.

பெண்கள் ஒரு கையைத் தூக்கினார்கள். ஆண்கள் இரண்டு கையையும் தூக்கினார்கள். ஊர்க்காரரே இல்லாத சென்செய்யும் தூக்கினார், ஓட்டையிலிருந்து சாக்கே அவர் சட்டைக் கைக்குள் ஒழுகியது. இவாகிச்சி கண்ணை மூடிக்கொண்டு கடைசியாகத் தூக்கினார்.

ஹரூயே எழுந்து, பாவாடை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, பின்கதவைத் திறந்தாள். செருப்பைத் தேடி மாட்டினாள். சின்ன வாசலின் முன் நின்று முறையாக வணங்கினாள், கை தட்டினாள், இன்னொரு தடவை வணங்கினாள். முளையை இப்படியும் அப்படியும் அசைத்து, கல்லுக்கு வலிக்காமல் உருவி எடுத்தாள். வாசலை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவள் விலகியதும் பாதுகாப்புச் சங்கம் மொத்தமும் கதவை நெரித்துக்கொண்டு வெளியே பாய்ந்தது.

"நேரா மேல வேண்டாம், கருகிடும்" என்று சென்செய் ஓடிக்கொண்டே கத்தினார். "மேட்டுப் பக்கம் நில்லுங்க. ஊறி இறங்கட்டும்." அவரும் போய் மேட்டுப் பக்கம் நின்றார்.

குளிர் போய் வெயில் வந்தபோது பாசி கயிற்றுக்கு வெளியேயும் எட்டிப் பார்த்தது. ஊர்மக்கள் தங்கள் பாரம்பரியப் பராமரிப்பை மீண்டும் தொடங்கியதே காரணம் என்று சென்செய் பத்திரிகைக்காரனிடம் சொன்னார். அது எப்படிப்பட்ட பராமரிப்பு என்று அவன் கேட்டதற்கு, கூட்டு முயற்சி என்றார். இவாகிச்சி பச்சைப் பட்டை இல்லாமல் மேட்டுப் பக்கம் போவதில்லை.

தலைவர் பொறுப்பு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. புது வருடத்து முதல் கூட்டத்தில் திருவிழா நாளை மாற்றலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது, நடுவில், ஹரூயே எழுந்தாள். அடுப்பில் எதையும் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லவில்லை. தெருப்பக்கம் நடந்தாள். கெட்டிக் கதவுக்கு வெளியே, கண்மட்டத்தில், அந்தச் சின்னச் சிவப்பு வாசல் அறைந்திருந்தது. போதை தலைக்கேறி எந்த ஆண்பிள்ளையும் அந்தப் பக்கம் வழிதவறி வந்துவிடக் கூடாதே. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். இரண்டு கையும் சும்மா இருந்தன. பிடிக்கக் கயிறு இல்லை. வேலை முடிந்தும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பின்பக்கத்திலிருந்து யாரோ யூசு விளைச்சலைப் பற்றிப் பேசுவது சன்னமாகக் கேட்டது.

திரும்பி வந்தபோது கூடத்தில் யாரும் கை தட்டிக்கொண்டிருக்கவில்லை.

"வந்துட்டியா?" என்றார் இவாகிச்சி. அடியில் ஓட்டை உள்ள கோப்பை நிரம்பியபடி அவர் கையில் இருந்தது, விரல் அடியில் இருந்தது. "சீக்கிரம் உக்காரு. பாதியில எழுந்து போறவங்க விதிய எடுத்தாச்சு, நீ வராம யாரும் கை தூக்கக் கூடாதுன்னு இந்தப் பொம்பளைங்க பிடிச்ச பிடியா நிக்கிதுங்க."

ஹரூயே தன் இடத்தில் உட்கார்ந்தாள். டீ ஊற்றிக்கொண்டு வந்த மசானோ பழக்கத்தில் அவளைத் தாண்டிப் போகப் பார்த்தாள்.

"எனக்கும்" என்றாள் ஹரூயே கோப்பையை நீட்டி. "நெறைய ஊத்து."